கம்பிவேலியோடு நின்ற தங்கச்சி

செத்தவீட்டில் ‘போயிட்டு வாறன்’ எண்டு சொல்லக்கூடாது. அந்த வழக்கத்தை நான் மொன்றியலில் இருந்து அவுஸ்திரேலியா வரைக்கும் காவிக்கொண்டு போனன்.

அங்கை இருந்த தங்கச்சியின் மனுசன் திடீரெண்டு செத்துப்போனார். காரியமெல்லாம் முடிய, அவள் குசினியில் அடுப்படியோடு நிற்கேக்க, சொல்லாமலே டாக்சி ஏறினன். சின்ன ஊர், விசிறி சுத்துற குட்டி விமானம்தான் வரும். படியில் கால் வைக்கேக்க, ஆரோ எனக்குக் கை காட்டுகினம் எண்டு பணிப்பெண் சொன்னாள். திரும்பினன். கம்பிவேலியோடு தங்கச்சி தனிய நிண்டாள். முகம் தெரியிற தூரம்.

நான் கை தூக்கேல்லை.

சிட்னியிலிருந்து திரும்ப, என்ரை மகன் அவுஸ்திரேலிய விமானத்திலேயே பிசினஸ் கிளாஸ் போட்டுத் தந்திருந்தான். சீற்றை நீட்டினால் கட்டில். நித்திரைதான் வரேல்லை. வழக்கமாம், பெரிய வழக்கம்!

மொன்றியலில், ரொக்ஸ்பரோ வீட்டுக்குள்ள வர, போன் அடிச்சது.

“அண்ணை, வழக்கத்துக்காகத்தானே சொல்லாமல் போனீங்கள்? திரும்பி வருவீங்கள்தானே?”

“ஓம்” எண்டன். ‘வாறன்’ எண்டு அப்பவும் வாயில் வரேல்லை.