கோகிலவாணி இறக்கிவிட்ட பயணி

கோவிலம்பாக்கத்தில் பதினோரு வருடம் பள்ளி வேன் ஓட்டியவள் கோகிலவாணி. கணவன் பிரிந்து போன பிறகுதான் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். அவள் வண்டியில் ஏறிய எந்தக் குழந்தைக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

அன்று மேடவாக்கம் பக்கம் ஒரு பைக் ராங் சைடில் நேராக அவள் வேனுக்கு எதிரே வந்தது. பிரேக்கை மிதித்தாள். பின்சீட்டில் இருந்த யுகேஜி பிள்ளையின் நெற்றி கம்பியில் இடித்து ரத்தம் வந்தது. கோகிலவாணி இறங்கிப் போய் பைக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அடிக்கக் கையும் ஓங்கினாள், அடிக்கவில்லை.

அவன் ஹெல்மெட்டில் கேமரா இருந்தது. முன்னால் நடந்ததை வெட்டிவிட்டு, அவள் கத்தியதையும் கை ஓங்கியதையும் மட்டும் ‘ரவுடி ஆன்ட்டி’ என்று பெயர் வைத்து நெட்டில் போட்டான். கடைசியில் அவன் முகம் வரும். ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரிப்பான். மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். பள்ளியில் கூப்பிட்டு வேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பத்தாவது படித்த மகள் தீபாவை வகுப்பில் எல்லோரும் “ரவுடி பொண்ணு” என்றார்கள். ஒரு வாரம் அவள் பள்ளிக்கே போகவில்லை.

வேறு வழியில்லாமல், மேற்குத் தாம்பரத்தில் சாம்பசிவன் நடத்தும் டிராவல்ஸில் டூரிஸ்ட் வேன் ஓட்டச் சேர்ந்தாள். அந்த வீடியோவை அவள் அழிக்கவில்லை. ஆத்திரம் குறைகிற மாதிரி தோன்றும் நாட்களில் எடுத்துப் பார்ப்பாள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, பத்து கல்லூரி மாணவர்கள் பாண்டிச்சேரிக்குக் கிளம்பினார்கள். முன்சீட்டில் வந்து உட்கார்ந்த பையன் திரும்பிச் சிரித்ததுமே அந்த பைக்காரன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெயர் சூர்யநாராயணன். அவனுக்கு அவளைத் தெரியவில்லை. “அக்கா, ஏசி கொஞ்சம் கூட்டுங்க” என்றான். கூட்டினாள்.

முட்டுக்காட்டில் படகுத்துறை, கோவளத்தில் கடல், மாமல்லபுரத்தில் சுண்டல். ஒவ்வொரு இடத்திலும் அவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பிள்ளைகள் பாட்டுப் போட்டு ஆடினார்கள். கல்பாக்கம் தாண்டியதும் இடது பக்கம் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கடல் விட்டுவிட்டுத் தெரிந்தது. கோகிலவாணி அதைப் பார்க்கவில்லை. எங்கே வைத்துச் சொல்வது என்று மட்டும் யோசித்துக்கொண்டு வந்தாள்.

மரக்காணத்தில் உப்பளங்களைப் பார்க்க இறங்கினார்கள். எல்லோரும் இளநீர் குடிக்கும்போது அவளும் போய் நின்றாள்.

“தம்பி, ரவுடி ஆன்ட்டி வீடியோ இன்னும் உன்னாண்ட கீதா?”

சூர்யநாராயணன் சிரித்தான். “அட, நீங்களும் பாத்தீங்களா அக்கா? அதான் என்னோட ஃபர்ஸ்ட் ஹிட்டு.”

“அது நான்தான்.”

அவன் கையிலிருந்த இளநீர் சட்டையில் சிந்தியது.

“வெட்டாத வீடியோவ போட்டுக் காட்டு. உன் ஃப்ரெண்ட்ஸ் பாக்கட்டும்.”

“அது... அதெல்லாம் டெலிட் பண்ணிட்டேன்.”

“பொய்டா” என்றாள் மிருதுளா. அவனோடு ஒரே வகுப்பில் படிப்பவள். “பழசு எல்லாம் கூகுள் டிரைவ்ல வச்சிருக்கேன்னு நீதானே சொல்லுவ? குடு ஃபோன.”

அவன் தரவில்லை. மற்ற பையன்களும் சூழ்ந்துகொண்ட பிறகு தந்தான். ராங் சைடில் பறக்கும் பைக், கிறீச்சென்று நிற்கும் வேன், உள்ளே ஒரு குழந்தையின் அலறல். “பாப்பாவுக்கு ரத்தம் வருது பாருடா!” என்று கோகிலவாணி கத்தும் குரல். நாமும் இதை ஃபார்வர்ட் பண்ணினோமே என்று ஒரு பெண் முணுமுணுத்தாள்.

“இன்னாத்துக்கு இப்பிடி பண்ண?” என்று கேட்டாள் கோகிலவாணி.

“சும்மா ஃபன்னுக்குதான் அக்கா. சாரி.”

அவள் வேனைத் திறந்து அவன் பையை எடுத்துக் கீழே வைத்தாள். “இவன் இருந்தா வண்டி பாண்டிக்கு போவாது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வேணா வரட்டும். இன்னா சொல்றீங்க?”

மிருதுளா மற்றவர்களைப் பார்த்தாள். “அவன் பஸ்ல போகட்டும் அக்கா.”

மரக்காணம் பேருந்து நிலையத்தில், பட்டப்பகலில், அவனை இறக்கிவிட்டார்கள். கண்ணாடியில் அவன் சிறுத்துப் போவதைக் கோகிலவாணி திரும்பத் திரும்பப் பார்த்தாள். பாண்டிச்சேரியில் இரண்டு தட்டு மீன் சாப்பாடு சாப்பிட்டாள்.

விஷயம் சாம்பசிவனுக்கு எட்டியது. “கஸ்டமர நடுவழில இறக்குவியா?” என்று கத்தினார். ஒரு மாதம் அவளுக்கு வெளியூர் சவாரி தரவில்லை. மிருதுளா அன்றே தன் ஃபோனுக்கு அனுப்பிக்கொண்டிருந்த முழு வீடியோவையும் நெட்டில் போட்டாள். நாலாயிரம் பேர்தான் பார்த்தார்கள். பள்ளியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. தீபா மட்டும் அதைத் தன் பழைய வகுப்புக் குரூப்பில் அனுப்பி, கீழே ஒரு வரியும் எழுதாமல் விட்டாள்.

சூர்யநாராயணன் அவள் நம்பரைக் கண்டுபிடித்து வாட்ஸ்அப்பில் எழுதினான். மன்னிப்பு வீடியோ போடுவதாகச் சொன்னான். காலேஜில் யாரும் தன்னோடு பேசுவதில்லை என்றான். நேரில் வந்து காலில் விழவும் தயார் என்றான்.

“ஏதாவது பதில் போடேன்மா” என்றாள் தீபா.

“போட்டா எனக்கு கோவம் போயிடும்” என்றாள் கோகிலவாணி.

ஒவ்வொரு மெசேஜையும் தவறாமல் திறந்து பார்த்தாள். படித்துவிட்டாள் என்று காட்டும் இரண்டு நீலக் குறியும் அவனுக்குத் தெரியட்டும் என்று சிறிது நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.