இரும்பும் என் மாடிப்படியும்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பத்தெட்டு வயதில், சொந்தமாக மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கும் நான், ஓர் இரும்புக் கம்பியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இருபுறமும் தட்டு மாட்டிய, யாருக்கும் எந்தக் கெடுதலும் நினைக்காத கம்பி.

மகள் பள்ளி வாலிபால் அணியில் எகிறி அடிப்பவள். பன்னிரண்டு வயதிலிருந்து அவளுக்குப் பயிற்சி கொடுத்தது நான். துடியலூரில் எங்கள் வீட்டில் கருவி என்று எதுவும் கிடையாது, உடம்புதான் கருவி. தண்டால், பஸ்கி, தொங்குவதற்கு ஒரு பைப், அப்புறம் இருபத்திரண்டு படி கொண்ட மாடிப்படி. ஞாயிற்றுக்கிழமை காலையில் விரல்களைக் கோலமாவில் தோய்த்துக்கொண்டு, கார் நிற்கும் இடத்துச் சுவரில் எகிறி ஓர் அடி அடிப்பாள். வெள்ளையாகப் பதிகிற விரல்தான் எங்கள் அளவுகோல். பச்சைச் சுவரில் நான்கு வருடத்து விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிப் போயிருந்தன. வந்தவர்களுக்கெல்லாம் காட்டுவேன். கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவருக்குக்கூடக் காட்டியிருக்கிறேன்.

அவள் பதினொன்றாம் வகுப்புக்குப் போனபோது பள்ளிக்குப் புதிய கோச் வந்தார். எகிறுவதற்குக் காலில் பலம் வேண்டும், பலத்துக்கு வெயிட் தூக்க வேண்டும் என்று வாரம் மூன்று நாள் மாலையில் பிள்ளைகளை வெயிட் அறைக்குக் கூட்டிப் போனார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். தலை நிறைய முடி. அதைக்கூட மன்னித்திருப்பேன். நான் நான்கு வருடமாகப் பஸ்கி என்று சொல்லிக் கொடுத்ததையே அவர் தோளில் கம்பியை வைத்து ஸ்குவாட் என்று சொல்ல, மகள் அதை நோட்டில் எழுதி வைத்தாள். என் பஸ்கியை அவள் ஒருநாளும் எங்கும் எழுதியதில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். என்னிடம் "சரிங்கப்பா" என்பவள், போனில் அவரிடம் "சரிங்க சாருங்க" என்றாள். எனக்கு ஒரு 'ங்க', அவருக்கு இரண்டு. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

வளர்கிற பிள்ளை வெயிட் தூக்கினால் குள்ளமாகிவிடும் என்று மனைவியிடம் பேச்சை ஆரம்பித்தேன். என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். அவள் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்க, நீங்க எதத் தூக்கி இப்படி ஆனீங்க?"

ஏதாவது தப்பு கண்டுபிடிக்கலாம் என்று பள்ளிக்கே போனேன். பாவி மனுஷன், ஒன்றும் தப்பாகச் செய்யவில்லை. வெறும் கம்பியோடு முதுகு நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் தட்டு மாட்டினார். என்னைக் கண்டதும் நாற்காலி எடுத்துப் போட்டார்.

"பேஸ் நல்லாப் போட்டு வெச்சிருக்கீங்கண்ணா. அதனாலதானுங்க புள்ளைக்குச் சட்டுனு வெயிட் ஏத்த முடியுது."

மனதாரச் சொன்ன பாராட்டு. வீடு வரும் வழியெல்லாம் அது என்னை அரித்தது. பேஸ்! கட்டடத்தில் மண்ணுக்குள் போய்விடுகிற பகுதி.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு மகளை எழுப்பினேன். மாலையில் வெயிட் இருக்கிற நாளாக இருந்தாலும் சரி, காலையில் மாடிப்படி முப்பது சுற்று, அப்புறம் பஸ்கி. மாவட்ட அணித் தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. அடுத்த வருடம் பப்ளிக் பரீட்சை வந்துவிடும். அவளுக்கு இதுதான் வாய்ப்பு. அன்று அவள் எகிறுகிற உயரம் என் மாடிப்படியிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. கோச்சிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லி வைத்தேன். "சரிங்கப்பா" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

மூன்றாவது ஞாயிறு, விரல் பழைய தடத்துக்குக் கீழே பதிந்தது. நான்காவது ஞாயிறு இன்னும் இரண்டு விரல் கீழே. சொல்ல வெட்கமாக இருக்கிறது: எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இரும்பு கவிழ்த்துவிட்டது என்று மனைவியிடம் அறிவித்தேன். மகள் ஷூவைக்கூடக் கழற்றாமல் கீழ்ப்படியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை கோச் போன் செய்து, பிள்ளைக்குக் கால் கனத்துப் போயிருக்கிறதே, வீட்டில் வேறு பயிற்சி ஏதாவது நடக்கிறதா என்று கேட்டார்.

"ஒண்ணுமே இல்லீங்களே" என்றேன். பொய்யிலும் மரியாதை குறையவில்லை.

அந்த வாரம் வெள்ளகோவிலில் மச்சினன் வீட்டுக் காதுகுத்து. மனைவி என்னைக் கேட்காமலே பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஐந்து நாள். தேர்வுக்கு முதல் நாள்தான் திரும்புவார்கள். கோச்சுக்குப் போன் போட்டேன். கடைசி வாரம் இப்படிப் போய்விட்டதே என்று அவர் புலம்ப, நானும் சேர்ந்து புலம்பினேன். நாங்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

தேர்வு மைதானத்தில் ஓர் உயரமான பலகையை நிறுத்தி, பிள்ளைகளை ஒவ்வொருவராக எகிற விட்டார்கள். எங்கள் வீட்டுச் சுவரின் உச்சித் தடத்தை நான் டேப் வைத்து அளந்து மனப்பாடம் செய்திருந்தேன். மகள் அதற்கு மேலே இரண்டு விரல் தொட்டாள். பட்டியல் வாசித்தபோது அவள் பெயர் மூன்றாவதாக வந்தது.

கோச் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வெயிட்டு வேல செஞ்சிருச்சுங்கண்ணா."

சும்மா இருந்திருக்கலாம். "அப்புறம் தெனம் காலைல முப்பது சுத்துப் படி ஏறுனது எதுக்குங்க?" என்று கேட்டுப்போட்டேன்.

அவர் கை அப்படியே நின்றது. "எந்தப் படிங்கண்ணா?"

நான் மகள் பக்கம் திரும்பினேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயே சொல்லு கண்ணு. அந்த ரெண்டு விரலு சாரோடதா, என்னோடதா?"

எங்கள் இருவரையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"அஞ்சு நாளும் மாமா ஊட்டுல தூங்குனேன்."