பல்கேரிய மாப்பிள்ளை கோல் காத்த நாள்

எங்கள் சின்னம்மாவுக்குக் கலியாணம் பேசி முடித்தாயிற்று என்ற செய்தி, ஓல்போர்க் மைதானத்தில் வடை விற்ற ஒரு பெண்மணி கைகொடுத்து வாழ்த்தியபோதுதான் சின்னம்மாவுக்கே தெரியவந்தது. மாப்பிள்ளை பல்கேரியாக்காரர். தொழில் காற்பந்து, அதிலும் கோல் காப்பாளர். சம்பந்தம் பேசியவர் மாமா, அம்மாவின் தம்பி. பேசி அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது.

மாப்பிள்ளையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கில் நாங்கள் இருந்த இஷொய் என்ற ஊரில், எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தார். அவருடைய கழகம் எடுத்துக் கொடுத்த வீடு அது. பல்கேரியா, ருமேனியா, சைப்பிரஸ், போலந்து என்று நாடு நாடாகக் கோல் காத்துவிட்டு, முப்பத்தாறு வயதில் டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தவர். இங்கே அவருக்குக் கிடைத்தது மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்க ஒரு வாங்கு. கழகத்தின் முதல் காப்பாளன் ஒரு டெனிஷ் பெடியன். நல்ல தேகக்கட்டு. பனி கொட்டினாலும் அவனுக்கு ஒரு தும்மல் வராது. அதனால் எங்கள் பல்கேரியரை வந்த நாளிலிருந்து ஒரு ஆட்டத்திலும் இறக்கவில்லை. ஆட்ட நாட்களில் மடிப்புக் கலையாத சட்டையோடு படியேறி வருவார். அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "பாவம், இண்டைக்கும் விடேல்லை. அந்தப் பெடியனுக்கு ஒரு சின்னத் தடிமன் வந்தால் என்ன?" என்பார். உடனே, "முருகா, என்ன வாய் இது!" என்று தன் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

எனக்கு அப்போது பத்து வயது. நாங்கள் இருவரும் டெனிஷில்தான் கதைப்போம். இருவரில் என் டெனிஷ் திறம். அவருடைய பிறந்தநாளுக்கு முன்பு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். ஒரு ஆட்டம், முழுதாய் ஒரே ஒரு ஆட்டம் என்றார். நான் ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன்.

ஒவ்வொரு கோடையிலும் டென்மார்க்கில் உள்ள தமிழ்க் கழகங்களுக்கு இடையில் காற்பந்துப் போட்டி நடக்கும். மாமாவின் அணி வருடாவருடம் முதல் சுற்றிலேயே வீட்டுக்கு வந்துவிடும். அந்த வருடம் அவர்களின் காப்பாளருக்குக் குழந்தை பிறக்கிற நேரம். மாமா மேல்மாடியை நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா, உலகமெல்லாம் கோல் காத்த மனுசன் தலைக்கு மேல சும்மா இருக்கிறார். நான் ஏன் ஆள் தேடி அலையவேணும்?"

"உனக்கென்ன விசரே? அந்தாளின்ர ஒப்பந்தத்தைக் கிழிச்சுப் போடுவாங்கள்," என்றார் அம்மா.

உண்மைதான். வேறு எங்கேயாவது விளையாடியது தெரிந்தால் கழகம் அவரை விரட்டிவிடும். மாமா வசந்தம் முழுக்கக் கெஞ்சியும் அவர் முடியாது என்றே சொன்னார். பிறகு, போட்டிக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை, தானாகவே இறங்கி வந்தார். படிக்கட்டில் நின்று அம்மாவோடு கொஞ்ச நேரம் கதைத்தார். அம்மா உள்ளே வந்து, "அவர் வாறாராம்," என்று மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னார். எல்லாம் தன் பேச்சின் வல்லமை என்று மாமா நம்பினார். நானும் நம்பினேன்.

அப்பாவுக்கு வேலை. அம்மா, மாமா, நான், பல்கேரியர் நால்வரும் விடியற்காலை புறப்பட்டோம். வண்டி ஓடிய நேரமெல்லாம் மாமா அவருக்கு ஒரேயொரு தமிழ்ச் சொல்லைப் பழக்கினார். உயரமாக வருகிற பந்தைப் பிடிக்க ஓடும்போது காப்பாளர் 'என்னுடையது' என்று கத்த வேண்டுமாம். போன நாடுகளில் எல்லாம் அவர் முதலில் படித்த சொல் அதுதானாம்.

போட்டி நடந்த ஓல்போர்க்கில் அமைப்பாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இவர் ஆர்? தமிழ் ஆக்கள், இல்லாட்டி தமிழ்க் குடும்பத்தில சம்பந்தம் செய்த ஆக்கள் மட்டும்தான் விளையாடலாம். தெரியும்தானே?"

"ஓம், ஓம். இவர் எங்கட வீட்டு மாப்பிள்ளை," என்றார் மாமா, கண் இமைக்காமல். "தங்கச்சியை முடிக்கப்போறார்."

தங்கச்சி என்றால் என் சின்னம்மா. ஓல்போர்க் வைத்தியசாலையில் தாதியாக இருந்தவர், எங்களைப் பார்க்க ஆசையோடு மைதானத்துக்கு வந்தார். வடைக்கடையில் வாழ்த்துப் பெற்ற கையோடு மாமாவிடம் போனார்.

"அண்ணை, என்ர கலியாணத்தை எனக்குச் சொல்லாமலே முடிச்சுப்போட்டியளோ?"

"பின்னேரம் வரைக்கும்தான். கொஞ்சம் பொறு," என்றார் மாமா.

சின்னம்மா மாமாவைத் திட்டத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் முதல் ஆட்டம் தொடங்கிவிட்டது. மூலையிலிருந்து பந்து உயர்ந்து வந்தது. எங்கள் பல்கேரியர் பாய்ந்து எழும்பி, மைதானமே அதிர, "என்ர!" என்று கத்தினார். கூட்டம் விசிலடித்தது. "பெடியன் தமிழும் படிச்சிட்டான்," என்று அமைப்பாளர் நெகிழ்ந்துபோனார். சின்னம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவரும் எங்களோடு சேர்ந்து தொண்டை கிழியக் கத்தினார்.

அன்று அவர் விளையாடிய மாதிரி நான் ஒருவரையும் கண்டதில்லை. தொப்பை வைத்த மாமாமார் உதைத்த பந்துக்கும் உலகக் கிண்ணப் பந்துக்குப் பாய்வதுபோலப் பாய்ந்தார். சேற்றில் விழுந்தார், எழுந்தார், சிரித்தார். இறுதி ஆட்டம் பெனால்டி வரைக்கும் போனது. எதிரணியின் ஐந்தாவது உதையை அவர் விரல் நுனியால் தட்டிவிட்டார். இனி எங்கள் அணியில் ஒருவர் உதைத்துப் போட்டால் கிண்ணம் எங்களுக்கு. நானே உதைப்பேன் என்று மாமா அடம்பிடித்தார். பந்து கம்பத்துக்கு மேலால் பறந்து வாகனத் தரிப்பிடத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு அணிக்கு ஒவ்வொரு உதையாகத் தொடர்ந்ததில், நாங்கள் தோற்க அதிக நேரம் ஆகவில்லை.

நான் அழுதேன். மாமா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார். பல்கேரியர் மட்டும் எதிரணி ஆட்களைக்கூட ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்தார். தோற்ற ஆள் ஏன் இப்படிச் சந்தோசப்படுகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது.

திரும்பும் வழியில், கடலைக் கடக்கிற பெரிய பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தினோம். ஆனி மாதம், இரவாகியும் வெளிச்சம் மங்கவே இல்லை. அம்மா சோற்றையும் கோழிக்கறியையும் கத்தரிக்காய்ப் பால்கறியையும் ஒரே சட்டியில் குழைத்தார். நாங்கள் சுற்றி நின்று கைநீட்ட, ஆளுக்கொரு உருண்டை வைத்தார். பல்கேரியரும் கையை நீட்டினார். சேறு காய்ந்த கையுறை அப்படியே கையில் இருந்தது. ஆட்டம் முடிந்ததிலிருந்து அவர் அதைக் கழற்றவில்லை.

நகத்தில் ஒரு பொட்டு ஊத்தை இருந்தாலும் என்னைத் திருப்பி அனுப்புகிற அம்மா, அவர் முகத்தைப் பார்த்தார். உருண்டையை அவர் வாயில் வைத்தார். பிறகு இன்னொன்று. மெல்ல மெல்ல அவர் கண்ணிலிருந்து நீர் ஓடியது.

வெள்ளிக்கிழமை கழகம் அவரைக் கூப்பிட்டு இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டதையும், அந்த வயதில் இனி எந்த நாடும் அவரைக் கூப்பிடாது என்பதையும், படிக்கட்டில் அவர் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அம்மா எனக்கு அதைச் சொன்னது நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் கறி உறைப்பு என்பதுதான். ஓடிப்போய்த் தண்ணீர்ப் போத்தலை எடுத்து வந்தேன். முதலில் கையுறையைக் கழற்றுங்கள், பிறகு தரலாம் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

"சும்மா இரு, பிள்ளை," என்று அம்மா போத்தலை என்னிடமிருந்து வாங்கி, அவருக்குப் பருக்கினார்.