சுவரொட்டியில் சிரித்த பிள்ளை

எனக்கு ஏழு வயதில் காது குத்தினார்கள். எங்கள் மேலூர்ப் பக்கம் காது குத்த ஆசாரியும் தாய்மாமன் மடியும் மட்டும் போதாது, சுவரொட்டியும் வேண்டும். ஊருக்குத் தெரியாமல் குத்தினால் துளை தூர்ந்துபோகும் என்பதுபோல மாமா அச்சகத்துக்கு அலைந்தார்.

சுவரொட்டி வந்தது. கொட்டை எழுத்தில் என் பெயர். அதற்கு மேலே, கன்னம் குழியச் சிரிக்கிற ஒரு சிவந்த பிள்ளை. எங்கள் அடுப்படியில் தொங்கிய உரக்கடைக் காலண்டரில் நான் தினமும் பார்க்கிறவள்.

"ஏன்டா, எம்பிள்ள போட்டோ குடுத்தேனே?" என்றாள் அம்மா.

"அது பத்திரமா இருக்குக்கா. போஸ்டர்னா பளிச்சுனு இருக்கணும்ல? நாம என்ன விக்கவா போறோம், வீட்டு விசேசம். எவன் கேக்கப் போறான்?"

எவன் கேட்பான் என்று எனக்குத் தெரியும். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய புதிது. மிட்டாய்த் தாளைக்கூட விடமாட்டேன். காலண்டரின் அடியில் எறும்பெழுத்தில் இருந்தது: 'இப்படத்தை அனுமதியின்றி அச்சிடுவோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.' நடவடிக்கை என்றால் என்ன என்று பக்கத்துவீட்டு அண்ணனைக் கேட்டேன். "போலீஸ் ஜீப்புல ஏத்திட்டுப் போறது" என்றான்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மாமாவைப் பிடித்துக்கொண்டு போனால் யார் மடியில் உட்காருவது? அதைவிட, சுவரொட்டியில் இருப்பது என் பெயர். என்னையே ஏற்றிவிட்டால்? பஸ் ஸ்டாண்டு சுவரில் இருந்ததைக் கிழிக்கப் போனேன். என் கைக்கு எட்டியது அடியிலிருந்த மாமாவின் பெயர் மட்டும்தான். "பங்காளிக வேலதான் இது" என்று மாமா ஒரு வாரம் பல்லைக் கடித்தார்.

விசேஷத்தன்று மாமா மடியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆசாரி ஊசியை எடுக்கிறார். மண்டப வாசலில் காக்கிச் சட்டை. கையில் மடித்த சுவரொட்டி. நேராக எங்களிடம் வந்தது.

"மாப்ள, இந்தப் படம் எங்க கெடச்சது?"

"மாமாவ விட்ருங்க! மாமா விக்கல!" என்று அலறினேன். அந்த நேரம் பார்த்து ஊசி இறங்கியது.

"ஊசிக்கா இந்தக் கத்து கத்துற!" என்று மண்டபமே சிரித்தது.

வந்தவர் பஸ் கண்டக்டர், எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அடுத்த மாதம் அவர் மகளுக்கும் காதுகுத்து. "காலண்டரவே கொண்டுபோங்க மச்சான்" என்றார் மாமா, தன் சொத்தை எழுதிவைப்பவர்போல.

அடுத்த மாதம் அதே சிவந்த பிள்ளை, அதே சுவரில், வேறு பெயரில் சிரித்தாள். கண்டக்டர் மகள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் என்னைப்போலவே கறுப்பு. "போலீஸ் வரும், ஒளிஞ்சுக்க" என்று அவள் காதில் சொன்னேன். அவள் முகம் வெளிறியது. இருவரும் கையைக் கோத்துக்கொண்டு ஓடினோம்.

யாரோ ஒருத்தியின் முகத்தைக் கேட்காமல் எடுத்துவிட்டார்களே என்று அவ்வளவு நடுங்கினோம். சுவரொட்டியிலிருந்து எங்கள் முகங்களையே எடுத்துவிட்டார்கள் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.