ஆறு பேருக்காக ஊதியவன்

கல் அறுக்கும் பட்டறையில் அவனுக்குத் துருத்தி என்று பெயர். அப்படி ஒரு நெஞ்சு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மூச்சுப் பரிசோதனை வண்டி வந்து வாசலில் நிற்கும். குழாயைக் கவ்விக்கொண்டு ஊத வேண்டும். எண் குறைந்தால் அன்றோடு வேலை போயிற்று. ஆகவே போன இரண்டு முறையும் கொட்டகையில் மற்ற ஆறு பேருக்கும் சேர்த்து, சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு இவனே போய் ஊதினான். கல்தூசி அப்பிய முகத்தில் எவன் எவனென்று யாருக்குத் தெரியும்? ஆறு பேரில் ஒருவன் தங்கை புருஷன். நாலு படி ஏறினால் அவனுக்கு இரைக்கும். தங்கை வீட்டு அடுப்பு தன்னால் எரிகிறது என்று துருத்திக்கு உள்ளூரக் கர்வம். பாவி, அதைப் போய்ப் புண்ணியம் என்று நினைத்தான்.

இந்த முறை முதலில் தன் பெயருக்கு ஊதினான். புதிதாக வந்திருந்த டாக்டரம்மா மறுபடி ஊதச் சொன்னார். பிறகு இன்னொரு முறை. குழாய் ஒழுகுகிறதோ என்று கேட்டான். வேறு குழாய் மாட்டினார், அதே எண். ஊதும் வேகத்தில் குறையில்லை, நுரையீரல்தான் மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது, இருமல் இல்லாமலேகூட இப்படி ஆவதுண்டு என்று பொறுமையாக விளக்கினார். அவர் பழைய தாள்களைப் புரட்டினார்.

“தூசின்னுதான் நெனச்சேன். ஆனா உங்க கொட்டகையில மத்த ஆறு பேருக்கும் மூச்சு பிரமாதமா இருக்கே. தூசியா இருந்தா அவங்களுக்கும் குறைஞ்சிருக்கணும். உங்களுக்கு இது வேற ஏதோ வியாதி.”

தூசியால் வந்தது என்று அவர் எழுதினால்தான் முதலாளி வைத்தியம் பார்ப்பார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாயிற்று. வாயைத் திறந்தால் ஏழு குடும்பமும் தெருவுக்கு வரும். வெளியே வரிசையில் தங்கை புருஷன் சட்டையைக் கழற்றிக் கையில் தயாராக வைத்திருந்தான். நாலு வருடத்துக்கு முன்பே அவன் தன் மூச்சைத் தானே ஊதியிருந்தால், வேலை போயிருக்கும், நெஞ்சு மிஞ்சியிருக்கும்.

“அந்த ஆறும் நான்தாம்மா” என்றான்.

டாக்டரம்மா திட்டவில்லை. தங்கை புருஷனை உள்ளே கூப்பிட்டு ஊதச் சொன்னார். திரையில் கோடு ஒரு விரல்கடை எழும்பிப் படுத்துவிட்டது. அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். எவ்வளவு காலமாக இப்படி என்று அவர் கேட்டார்.

“எனக்கு ஒண்ணுமில்லம்மா. போன தடவை எவ்வளவு நல்லா ஊதினேன்... மச்சானைக் கேளுங்க.”