லைன் எங்கேஜ்டாக இருந்த நாற்பது நிமிடம்

எங்கள் கம்பெனியின் ஜார்ஜ் டவுன் கிளையில் விற்பனையாளர்கள் காலையிலேயே வெளியே போய்விடுவார்கள். மாலை வரை நான் மட்டும்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் கம்ப்யூட்டரை மோடம் வைத்துக் கோலாலம்பூர் தலைமையகத்தோடு இணைத்தார்கள். அலுவலகத்தில் இருந்த ஒரே டெலிபோன் லைன்தான் அதற்கும். சரக்குப் பட்டியலை அனுப்பியதும் இணைப்பைத் துண்டித்துவிடச் சொல்லியிருந்தார்கள்.

நான் துண்டிக்க மாட்டேன். மறுமுனையில் கமலா அக்கா இருந்தார். நேரில் பார்த்ததே இல்லை. பட்டியல் போய்ச் சேர்ந்ததும், "சாப்பிட்டாச்சா?" என்று திரையில் கேட்பார். நாள் முழுக்க என்னிடம் அதைக் கேட்கும் ஒரே ஆள் அவர்தான்.

ஒரு மதியம் அப்படிப் பேசியே நாற்பது நிமிடம் போயிற்று. துண்டித்த மறுநிமிடம் டெலிபோன் அலறியது. புக்கிட் மெர்தாஜாம் வீட்டில் தனியாக இருந்த அப்பா.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்மா. தவழ்ந்துதான் போன்கிட்ட வந்தேன்."

உடனே அப்பாவின் பக்கத்து வீட்டு அண்ணனுக்குப் போன் அடித்தேன். அவர் தன் காரிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். இடுப்பெலும்பில் விரிசல். நல்லவேளை, அதோடு போயிற்று.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் கேட்டேன்: "ஏன்ப்பா, அந்த அண்ணனுக்கு அடிக்கக்கூடாதா?"

"உன் நம்பர் ஒண்ணுதான்மா மனசுல இருக்கு. எங்கேஜ்டாவே இருந்துச்சு. புள்ள வேலையா இருக்குலா, தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு விட்டு விட்டு அடிச்சேன்."

அது என்ன வேலை என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை.

அன்றிலிருந்து பட்டியல் போனதும் துண்டித்துவிடுவேன். கையோடு வீட்டுக்கு அடித்துக் கேட்பேன்:

"சாப்பிட்டாச்சாப்பா?"