டோக்கன் அக்கா ஐந்து ஸ்டார் கொடுத்த புத்தகம்

பல் மருத்துவமனை வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பதால் அவள் டோக்கன் அக்கா. சொந்தப் பெயரைக் கேட்டால் டாக்டரே கொஞ்சம் யோசிப்பார். கன்னம் வீங்கி வருகிறவர்களுக்கு ஒரு கையால் டோக்கனை நீட்டுவாள். இன்னொரு கையில் புத்தகம் இருக்கும். வலி தாங்காமல் எவன் என்ன கத்தினாலும் சரி, கண் புத்தகத்தை விட்டு நிமிராது.

அப்படி என்ன படிப்பு என்கிறீர்களா? அவர்கள் பகுதி நூலகத்தில் வருடா வருடம் ஒரு வாசிப்புப் போட்டி. ஜனவரியில் ஆளுக்கொரு இலக்கு சொல்ல வேண்டும். ஒரு புத்தகம் முடித்தால் நூலகச் சுவரில் உங்கள் வரிசையில் ஒரு ஸ்டிக்கர் ஏறும். வாட்ஸ்அப் குழுவில் அட்டைப் படம், இரண்டு வரி கருத்து, எத்தனை ஸ்டார் என்று போட வேண்டும். அக்காவுக்குப் போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் இரண்டாம் இடம்தான். முதலிடம் மருந்துக்கடைக்காரருக்கு. அந்த மனுஷன் மாத்திரை அட்டையைக் கிழிக்கிற வேகத்தில் பக்கம் புரட்டுவார். இந்த வருடம் அவரை ஒரு கை பார்த்துவிடுவது என்று அக்கா அறுபது புத்தகம் சொல்லிவிட்டாள்.

வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்துக்கொண்டு அறுபதை எப்படி முடிப்பது? நுனிப்புல் மேய்ந்துதான். வர்ணனை வந்தால் தாண்டு. கனவு வந்தால் தாண்டு. யாராவது ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தால் இரண்டு பக்கமாகத் தாண்டு. கருத்து எழுதவும் கைவசம் சில வரிகள் வைத்திருந்தாள். ‘கீழே வைக்க முடியவில்லை’, ‘மனதை உலுக்கிய முடிவு’, ‘என் வாழ்க்கையையே இதில் பார்த்தேன்’. மாற்றி மாற்றிப் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். புத்தகத்தை விரித்தாலே கொட்டாவி விடுகிற ஜாதி. அவர் போய்த் திடீரென்று ஒரு நாள் நூலகத்திலிருந்து நீல அட்டை போட்ட பழைய நாவல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். வாரக் கணக்கில் படித்தார்.

“இதை நான் ஒரே நாள்ல முடிச்சேன், தெரியுமா? ஆமைகூட உங்களைத் தாண்டிப் போயிடும்” என்று அக்கா சீண்டுவாள். வழக்கமாகச் சிரிக்கிற மனிதர் சிரிக்கவில்லை. போதாக்குறைக்கு, சொல்லாமலே பாத்திரம் தேய்த்து வைத்தார். அவள் படிக்கிற இடத்துக்கே காபி வந்தது. ஒரு நாள், “உனக்கு எங்கிட்ட ஏதாவது குறை இருக்கா?” என்று கேட்டார். அக்கா அப்போது ஒரு கொலையை நெருங்கிக்கொண்டிருந்தாள். “ம்” என்றாள்.

பரிசளிப்பு நாள் வந்தது. அறுபதாவது ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. மருந்துக்கடைக்காரர் ஒரே ஒரு புத்தகம் பின்னால் நின்றார். காலையில் அக்கா மேடைக்குக் கட்ட வேண்டிய புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் அந்த நீலப் புத்தகத்தோடு எதிரில் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

“முடிச்சிட்டேன்.”

“அப்பாடா! ஊரைக் கூட்டிச் சொல்லவா?”

“கிண்டல் பண்ணாத. ஒண்ணே ஒண்ணு சொல்லு. கடைசில அவ போறாளா, இல்லையா?”

“எவ?”

“இந்தக் கதையில வர்ற டீச்சர்.”

“நீங்கதானே இப்ப முடிச்சீங்க? என்னைக் கேக்கறீங்க!”

“எங்க முடிச்சேன்? பெட்டியோட வாசல்ல நிக்கறா. அடுத்த பக்கம் திருப்பினா கப்பல் வருது. கேப்டன் வர்றான், வைரத்தைக் காணோம்ங்கறான். டீச்சரையே காணோம். கடைசி வரைக்கும் கப்பல்தான் போகுது.”

அக்கா புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். பேயறைந்தவள் போல் நின்றாள். எழுத்தின் அளவே வேறு. பக்க எண் வேறு. பைண்டிங் செய்தவன் இன்னொரு புத்தகத்தின் வாலை இதில் வைத்துத் தைத்திருக்கிறான். இந்த லட்சணத்துக்குத்தான் அவள் ஐந்து ஸ்டார் கொடுத்து, ‘மனதை உலுக்கிய முடிவு’ என்றும் எழுதியிருந்தாள்.

“ஐயையோ! மானம் போச்சு! யார்கிட்டயும் மூச்சு விட்றாதீங்க.”

“அதை விடு. போறாளா, இல்லையா?”

“எனக்கு எப்படிங்க தெரியும்? எந்த டீச்சர்னே எனக்கு ஞாபகமில்ல!”

இப்போது ஆடிப்போனது அவர். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப எதுக்குடி எழுதினே? குடும்ப குரூப்புக்கும் பெருமையா அனுப்பினியே, ‘என் வாழ்க்கையையே இதில் பார்த்தேன்’னு. அப்படி உன் வாழ்க்கை என்னதான் இதுல இருக்குன்னு பார்க்கத்தான் நான் எடுத்தேன். அந்த டீச்சருக்குப் புருஷன் மூஞ்சியே பிடிக்கல. அவன் பேசினா ‘ம்’ங்கறா. தலை நிமிர மாட்டேங்கறா. யாருக்கும் தெரியாம பெட்டி கட்டிக் கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கா.” தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நான் நம்ம கட்டிலுக்கு அடியிலயும் குனிஞ்சு பார்த்தேன்.”

“அட பாவி மனுஷா!”

சிரித்துவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. பெட்டி பொய்தான். ஆனால் அந்த ‘ம்’ பொய்யில்லையே! பாத்திரமும் காபியும் எதற்கு என்று இப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் ஒரு மனுஷன் பக்கத்திலேயே பயந்து செத்துக்கொண்டிருந்திருக்கிறான், அவள் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். கருகிய வாசனை வந்த பிறகுதான் இஸ்திரிப் பெட்டி புடவை மேலேயே இருப்பது தெரிந்தது. அதை எடுத்து வைத்தாள். “கிளம்புங்க” என்றாள்.

நூலகத்தில் மேடைக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். கப்பலும் வைரமும் வருகிற கதை எது என்று கேட்டதும் நூலகர் அதே அளவில், அதே நீல அட்டையில் இன்னொரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். “உங்களுக்குத் தெரியாததா? நீங்களே இதுக்கு அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கீங்களே, கீழே வைக்க முடியலன்னு!” என்றார்.

அக்காவுக்குத் தலை சுற்றியது. கடைசிப் பகுதியைப் பிரித்தாள். அங்கே நின்றாள் டீச்சர், பெட்டியோடு. கப்பல் கதைக்குள் ஒரு டீச்சர் எங்கிருந்து வந்தாள் என்று ஒரு சின்னக் கேள்விகூட அன்றைக்கு எழவில்லை. முடிவும் அவள் கண் முன்னால்தான் ஓடியிருக்கிறது. ஒரு எழுத்து நினைவில் இல்லை.

“சார், என் வரிசையில ரெண்டு ஸ்டிக்கரை எடுத்துடுங்க.”

“என்னம்மா சொல்றீங்க? பரிசு போயிடுமே!”

விஷயத்தைச் சொன்னாள். நூலகர் இரண்டு புத்தகத்தையும் மாற்றி மாற்றிப் புரட்டினார். அவர் முகமும் வெளுத்தது. “மருந்துக்கடைக்காரர் ரெண்டையும் ஆஹா ஓஹோன்னாரே” என்றவர், குரலைத் தாழ்த்தி, “நானும்தான் நாலு ஸ்டார் போட்டேன்” என்றார்.

அக்கா கப்பல் புத்தகத்தை வாங்கி வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள். அவர் ஜன்னலோரம் நின்று விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தால் அவள் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவாள். பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நெற்றியில் ஒரு தழும்பு இருந்தது. எப்போது பட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெகுநேரம் கழித்து அவர் புத்தகத்தை மூடினார்.

“போயிட்டா.”

“போனா போகட்டும். அவ புருஷன் அவளைத் தேடி ஒரு புத்தகம் படிச்சானா?”

“இல்ல.”

“பின்ன என்ன? நான் எங்கயும் போகல.”

“நிஜமாவா?”

‘ம்’ என்று சொல்ல வந்தவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். பிறகு தலையை நிமிர்த்தி, அவர் கண்ணைப் பார்த்து, “நிஜமாத்தாங்க” என்றாள்.